மடலேற நாணும் தமிழ்

புண்ணுக்கும் குலமுறை வகுத்தவர்கள் நாம். மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்தான் என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். மாணவர்களும் தவறாமல் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். அப்புண் எவ்வளவு ஆழம், சீழ் வைத்ததா, யார் கழுவிக் கட்டினார்கள் என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை. உடம்பில் எவ்விடத்தில் பட்டது என்பதொன்றே புண்ணின் தகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. இவ்வகைப்பாட்டில் இடம்பெறாத மூன்றாவது புண் ஒன்று இருக்கிறது. அது இடுப்புக்குக் கீழே, இரு தொடைகளுக்கும் நடுவே வருவது. அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காதது மட்டுமன்று, வைக்க முயன்றவனின் கையையும் தட்டிவிட்டோம். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி ஆண்டு மலருக்கு இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் ஒரு கட்டுரை கொடுத்தான். அவன் பெயரோ ஊரோ இங்கு வேண்டாம். கட்டுரையின் தலைப்பு 'அம்மா உட்கார்ந்தாள்'. அவன் தாய்க்கு மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று எண்ணி ஏறத்தாழ ஓராண்டு லேகியமும் களிம்புமாக ஓட்டியிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் மலக்குடலின் அடிப்பகுதியில் புற்று. ஐந்து வாரம் கதிர்வீச்சு, பிறகு அறுவை. மலக்குடலும் ஆசனவாயும் அகற்றப்பட்டு, வயிற்றின் இடப்புறத்தில் திறந்த வழியில் பை பொருத்தப்பட்டது. ஆசனவாய் இருந்த இடத்தைத் தைத்து மூடிய தையல் மூன்றாம் வாரம் விட்டுப்போயிற்று. அந்தக் குழி ஆறவே இல்லை. தந்தை இல்லாத வீடு. நாள்தோறும் வந்து கட்டு மாற்றும் செவிலியருக்குக் கொடுக்கப் பணமில்லை. மகனே தாயின் புண்ணைக் கழுவித் துணி வைத்துக் கட்டியிருக்கிறான். பிறகு மற்றோர் அறுவை. தொடையின் உட்புறத்துத் தசையைக் கொணர்ந்து அக்குழியை நிரப்பினார்கள். புண் ஆறிய பிறகு ஒருநாள் அந்த அம்மையார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் கட்டுரை. அலங்காரமில்லை, அழுகையில்லை. எழுத்துப் பிழைகள் ஏழெட்டு இருந்தன.

மலர்க்குழுவில் தமிழாசிரியர்கள் நால்வர். நாமும் ஒருவர். முதலில் 'ஆசனவாய்' என்ற சொல்லை 'அந்தரங்கப் பகுதி' என்று மாற்றச் சொன்னார்கள், மாற்றினான். மகன் தாயின் அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போடும் பத்தியை நீக்கச் சொன்னார்கள், அதையும் நீக்கினான். அதன்பின், 'இதில் என்ன இருக்கிறது, என்ன வியாதி என்றே புரியவில்லையே' என்று கட்டுரை முழுவதையும் எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் தாயன்பு பற்றிய எண்சீர் விருத்தம் ஒன்றை அச்சிட்டார்கள். விருத்தம் தளை தட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். மூன்று கூட்டங்களிலும் நாம் வாய் திறக்கவில்லை. ஆகவே இக்கட்டுரையில் 'அவர்கள்' என்று எழுதுமிடங்களில் எல்லாம் நம்மையும் சேர்த்தே படிக்கக் கோருகிறோம்.

குழுவின் மூத்தவர் அன்று சொன்ன காரணம் 'இடக்கரடக்கல்' என்பது. அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வது தமிழ் மரபு, தொல்காப்பியர் காலத்திலிருந்தே உள்ளது என்றார். உள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் மறைத்துச் சொல்வது என்பதில் 'சொல்வது' என்ற பாதியும் இருக்கிறதல்லவா? கேட்பவருக்குப் பொருள் விளங்கவேண்டும், கூச்சம் மட்டும் குறையவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட உத்தி அது. 'கால் கழுவி வந்தான்' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. 'கீழே புண்' என்றால் யாருக்கு என்ன புரியும்? பாதத்திலா, முழங்காலிலா, கருவாயிலா, குதத்திலா? அந்த அம்மையார் ஓராண்டுக் காலம் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஒற்றைச் சொல்லைத்தான். மகனிடம் 'கீழே', மருந்துக்கடைக்காரரிடம் 'கீழே', முதலில் பார்த்த மருத்துவரிடமும் 'கீழே'. அம்மருத்துவர் விரலிட்டுச் சோதிக்கவில்லை. அவருக்கும் கூச்சமோ, நேரமின்மையோ. மலக்குடலின் அடிப்பகுதியில் வரும் புற்றைப் பல வேளைகளில் ஒரு விரலே கண்டுபிடித்துவிடும். அந்த விரலுக்கும் புற்றுக்கும் நடுவே ஓராண்டு நின்றது எதுவென்று கேட்டால், நாம் மரபு என்று போற்றும் ஒன்று அதில் பாதியாவது இருக்கும்.

உடம்பின் இப்பகுதிக்குத் தமிழில் சொல்லே இல்லையா? இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் இருக்கிறது: மூலம், பௌத்திரம், ஆண்மைக்குறைவு, அறுவையின்றிக் குணம். தெருச்சண்டையில் இருக்கிறது, வசவுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் புறப்படுகின்றன. மூன்றாவதாக, யோக நூல்களில் இருக்கிறது. குதத்துக்கும் குறிக்கும் இடையே மூலாதாரம் என்றும், அங்கே நான்கிதழ்த் தாமரை என்றும், அதில் கணபதி வீற்றிருக்கிறார் என்றும் உரை சொல்லும்போது எந்த அவையும் முகம் சுளிப்பதில்லை. ஆங்கில மருத்துவம் பெரினியம் என்று சொல்லும் இடம் ஏறத்தாழ அதுவேதான். தாமரை பூத்தால் அவைக்கு ஏற்றது, சதை அழுகினால் அவையல் கிளவி! சுவரொட்டிக்கும் வசைக்கும் தாமரைக்கும் நடுவே, ஒரு மனிதர் தம் உடம்பைத் தம் உடம்பாகச் சொல்லிக்கொள்ள ஓர் இயல்பான சொல் புழங்கவில்லை. கவட்டை, கவுட்டி, தொடைச்சந்து என்று ஊர்வழக்கில் சில உண்டு. அவற்றை எழுதினால் கொச்சை என்று சிவப்பு மையில் சுழிப்பவர்களும் நாமே.

போகட்டும், அந்த அறுவைக்கு வருவோம். அதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அந்த மாணவனை நாம் நிராகரித்தோம் என்பதால், பிறகு சில மாதங்கள் அதைப் படித்தோம். படித்ததைச் சொல்வதில் நமக்குக் கூச்சமில்லை.

மலக்குடலை வயிற்றின் வழியாகவும் கீழ்வழியாகவும் ஒருசேர அகற்றும் முறையை 1908இல் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வெளியிட்டார். புற்றை எடுப்பது அன்றே கைவந்துவிட்டது. எடுத்தபின் எஞ்சும் குழியை என்ன செய்வது என்பதுதான் தீராத தொல்லை. வயிற்றில் ஒன்றை எடுத்தால் சுற்றியுள்ளவை சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். இடுப்புக்கூடோ எலும்பாலான கிண்ணம்; அதன் சுவர்கள் சரிய மாட்டா. உள்ளே வெற்றிடம் நிற்கும், நீர் கோக்கும், சீழ் பிடிக்கும். மேலிருந்து சிறுகுடல் இறங்கி அதில் ஒட்டிக்கொள்ளும். மேலே மூடிய தோலோ கதிர்வீச்சில் வெந்தது. அதன் நுண்ணிய குருதிநாளங்கள் அடைபட்டவை. உட்கார்ந்தால் உடலின் பாரம் அதன்மேல். எப்போதும் ஈரம், அருகிலேயே சிறுநீர். ஆறாத புண்ணுக்கு இதைவிட வாய்ப்பான இடத்தை உடம்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே வெறும் தோலை வெட்டி ஒட்டினால் நிற்காது. ஒட்டிய தோல் தனக்கு அடியிலுள்ள சதையிலிருந்து குருதியை உறிஞ்சித்தான் பிழைக்க வேண்டும். அடிச்சதையே பட்டுப்போயிருக்கும்போது எதை உறிஞ்சும்? ஆகவே, குருதி கொடுக்கும் நாளத்தோடு சேர்த்துத் தோலையும் கொழுப்பையும் தசையையும் ஒரு துண்டாக எழுப்பி, அந்நாளம் அறுபடாமல் திருப்பிக் கொண்டுவந்து குழியில் பொருத்துகிறார்கள். இதை ஃபிளாப் என்கிறார்கள். 'மடல்' என்று தமிழாக்கலாம். வந்த இடத்தில் உணவு கிடைக்காது என்று தெரிந்து கட்டுச்சோற்றோடு புறப்படும் விருந்தாளி என்று நாம் புரிந்துகொண்டோம். (உவமை சொல்லாமல் தமிழாசிரியருக்குத் தூக்கம் வராது, மன்னிக்க.)

மடல் எங்கிருந்து வரும்? வயிற்றின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் விலாவிலிருந்து இடுப்பெலும்பு வரை நெடுக இறங்கும் தசைகள் இரண்டு. அவற்றுள் ஒன்றை மேல்முனையில் அறுத்து, மேலிருக்கும் தோலோடு எழுப்புவார்கள். அதற்குக் குருதி தரும் நாளம் கீழே கவட்டைப் பக்கத்திலிருந்து வருவதால், அந்த முனையை அச்சாகக் கொண்டு தசையைத் திருப்பி, வயிற்றறைக்குள்ளேயே இறக்கி, இடுப்புக்கூட்டின் வழியாகக் கீழே கொண்டுவந்துவிடலாம். தசை குழியை அடைக்கும், தோல் வாயிலை மூடும். பெண்களில் யோனியின் பின்சுவரை எடுக்க நேர்ந்திருந்தால் அந்தத் தோலே புதுச்சுவராகவும் அமையும். பை பெரும்பாலும் வயிற்றின் இடப்புறத்தில் வைக்கப்படுவதால், வலப்புறத் தசையையே எடுப்பது வழக்கம். இது ஒரு வழி. தொடையின் உட்புறத்தில் கிராசிலிஸ் என்றொரு மெல்லிய நீண்ட தசை இருக்கிறது. தொடைகளை ஒன்றுசேர்க்கும் வேலையை வேறு தசைகளும் செய்வதால், இதை இழந்தவர் நடையில் பெரிதாகக் குறை தெரிவதில்லை. கொலம்பியாவின் ஓர்டிகோச்சியா 1972இலும், அமெரிக்காவின் மெக்ரா குழுவினர் 1976இலும் இதைத் தோலோடு சேர்த்துப் பயன்படுத்தி எழுதினார்கள். நம் மாணவனின் தாய்க்கு வந்தது இதுதான். பிட்டத்திலிருந்தும் எடுக்கலாம். 1989இல் ஜப்பானின் கோஷிமா, தசையை அப்படியே விட்டுவிட்டு, அதைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் நாளத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தோல்மடலை எழுப்பலாம் என்று காட்டினார்.

அதே 1989இல் சிங்கப்பூரில் வீ, ஜோசப் என்ற இருவர் செய்ததைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கவட்டையின் மடிப்பையொட்டித் தொடையோரத்தில் எழுப்பும் மடலைக்கொண்டு அவர்கள் யோனியை மீட்டமைத்தார்கள். அந்த மடலுக்கு நாளத்தோடு நரம்பும் கூடவே வருகிறது. ஆகவே தொடுவுணர்ச்சி தங்குகிறது. சிங்கப்பூர் மடல் என்றே அதற்குப் பெயராகிவிட்டது. புண் மூடினால் போதும், உயிர் தங்கினால் போதும் என்று நின்றுவிடாமல், அந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு உணர்வும் வேண்டும் என்று ஒரு மருத்துவர் எண்ணியிருக்கிறார். அந்த உணர்வைப் பற்றிப் பேச வேண்டிய இலக்கியவாதிகளாகிய நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? சங்கப்பாட்டில் வரும் 'அல்குல்' இடையா, இடைக்குக் கீழா என்று தகராறு செய்துகொண்டிருந்தோம். அதைச் சற்று மேலே தூக்கிவைத்தால்தான் சங்கப் புலவர்களின் மானம் காக்கப்படும் என்று கருதிய பேராசிரியர்களிடம் பாடம் கேட்டவர்கள் நாம்.

'அறுவை மருத்துவம் நமக்குப் புதிதா, சுசுருதர் அன்றே மூக்கைத் தைக்கவில்லையா?' என்று ஒரு குரல் இவ்விடத்தில் எழும். மேடைதோறும் கேட்கும் குரல். தைத்தார்தான். திப்புவின் ஆட்களால் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித்தோலைத் திருப்பி மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் வந்ததும், அதைப் படித்த கார்ப்யூ 1814இல் அங்கே அவ்வறுவையைச் செய்ததும் வரலாறே. அதுவும் ஒரு மடல்தான், நாளம் அறாத மடல். ஆனால் நம்மவர்க்கு இனித்தது மடலன்று, மூக்கு. மூக்கு மானம், 'மூக்கறுபட்டான்' என்று நமக்கு மரபுத்தொடரே உண்டு. அதே சுசுருதர் மூலத்துக்கும் பௌத்திரத்துக்கும் விரிவாக எழுதியதையும், நூற்றேழு மர்மங்களுள் குதத்தை எண்ணி, அங்கு அடிபட்டால் உடனே உயிர்போகும் என்று வகைப்படுத்தியதையும் எந்த மேடையிலாவது கேட்டதுண்டா? அவருக்குக் கூச்சமிருக்கவில்லை. அவரைச் சொல்லிப் பெருமைகொள்வோர்க்கு இருக்கிறது.

இக்கூச்சம் நமக்கு மட்டுமே உரியதன்று என்பதையும் சொல்லிவிடுவோம், இல்லையேல் மேனாட்டு மோகம் என்பார்கள். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு கில்லீஸ் புதுமுகம் அமைத்தார். ஹென்றி டாங்க்ஸ் அம்முகங்களை வண்ணத்தில் வரைந்தார். அவை இன்று போற்றிப் பேணப்படும் ஓவியங்கள். அதே போரில் கவட்டையில் காயம்பட்ட ஒருவனை நாயகனாக்கி ஹெமிங்வே 1926இல் நாவல் எழுதினார். நாவல் முழுவதும் அந்தக் காயம் இருக்கிறது, அது இன்னதென்று விளங்க ஒரு வரியும் இல்லை. அதைக் கலைநயம் என்று நாமே வகுப்பில் பாராட்டியிருக்கிறோம். ஆனால் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே லாரன்ஸ் ஸ்டெர்ன் இதைக் கேலி செய்துவிட்டார். டிரிஸ்ட்ராம் ஷாண்டியில் வரும் டோபி மாமா நமூர் முற்றுகையில் தொடைச்சந்தில் அடிபட்டவர். அவரை மணக்க எண்ணும் விதவை, எவ்விடத்தில் காயம் என்று அறிய விரும்புகிறாள். அவள் கேள்வியில் நியாயமிருக்கிறது. மாமாவோ நமூர் நகரத்தின் வரைபடத்தைக் கொண்டுவரச் செய்து, கோட்டையின் எந்த மூலையில் அடிபட்டது என்று காட்டுவதற்கு ஆயத்தமாகிறார். படிக்கையில் சிரித்தோம். 'எங்கே புண்?' என்று மருத்துவர் கேட்டதற்கு அந்த அம்மையார் 'வயல்ல குனிஞ்சு வேலை செஞ்சதுல வந்ததுங்க' என்று பதில் சொன்னதாக மாணவன் எழுதியிருந்தது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இடத்தைக் கேட்டால் வயலைக் காட்டுகிறார். டோபிக்கு வரைபடமாவது இருந்தது.

'இவையெல்லாம் மருத்துவர் பாடு. இலக்கியம் அழகைப் பேசட்டும்' என்பது அடுத்த வாதம். இதற்கு விடை சொல்ல அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போகவேண்டும். 1840களில் அங்கே மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், நெடும்பேற்றில் யோனிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே துளை விழுந்து ஓயாமல் சிறுநீர் கசிந்துகொண்டிருந்த அடிமைப் பெண்களின் மேல், மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுவை செய்து தம் முறையைக் கண்டறிந்தார். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் முப்பது முறை. அப்பெண்களில் அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்களே நமக்கு எஞ்சியுள்ளன. அவர்கள் வலியைப் பற்றி நாம் அறிவது முழுவதும் சிம்ஸ் எழுதியதுதான். அவர்கள் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. நியூயார்க் மத்தியப் பூங்காவில் நின்ற அவர் சிலை 2018 ஏப்ரலில்தான் அகற்றப்பட்டது. புண்ணைப் பற்றிய மொழியை மருத்துவரிடமே விட்டுவிட்டால், புண்பட்டவர் அந்த ஏட்டில் எங்கே இருப்பார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அதே 2018இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற கொங்கோவின் டெனிஸ் முக்வேகே, 1999இல் புகாவுவில் பான்சி மருத்துவமனையைத் தொடங்கியவர். போரில் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவாயும் குதமும் கிழிந்து வந்த பெண்களைத் தைத்துத் தைத்து, ஒரு கட்டத்தில் தையல் மட்டும் போதாது, இது உலகின் காதில் விழவேண்டும் என்று ஐ.நா. அவை வரை சென்று பேசினார். மருத்துவரே மொழியைத் தேடி வெளியே வருகிறார். மொழிக்காரர்களாகிய நாம் 'அது மருத்துவர் பாடு' என்று கதவைச் சாத்துகிறோம்.

இன்னொரு தரப்பும் உண்டு. நாங்கள்தாம் எல்லாவற்றையும் பச்சையாக எழுதுகிறோமே என்பார்கள் நவீனர்கள். எழுதுகிறார்கள், ஆனால் அதிர்ச்சிக்காகவும் காமத்துக்காகவும் வசைக்காகவும்தான் பெரும்பாலும் அங்கே இறங்குகிறார்கள். நோவுக்காக இறங்கியவர்கள் மிகச்சிலர். 2002இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயரிட்டபோது எழுந்த கூச்சலை இங்குள்ள நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேற்பாதிக்கே அவ்வளவு கூச்சல்! பட்டினத்தார் வழிவந்த உடலிகழ்ச்சி ஒருபுறம், விடலைக் கிளர்ச்சி மறுபுறம். இகழாமலும் கிளராமலும் அந்த இடத்தைப் பற்றி எழுதப்பட்ட உரைநடையாக நம் கைக்கு வந்தது, எழுத்துப் பிழைகள் நிறைந்த அந்த ஐந்து பக்கம்.

இத்தகைய புண் அரிதினும் அரிது, அதற்கென்று இத்தனை ஆரவாரமா என்றும் ஒருவர் கேட்டார். அரிதன்று. முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் எல்லோரும் இதன் வாசலில் இருப்பவர்கள். உட்கார்ந்த இடத்தில் எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவே சதை நசுங்குகிறது. வலி தெரியாததால் நகர்ந்து உட்காரத் தோன்றுவதில்லை. புண் எலும்பு வரை போய்விடுகிறது. 1944இல் ஸ்டோக் மாண்டவில்லில் முதுகுத்தண்டு நோயாளிகளுக்கான பிரிவைத் தொடங்கிய குட்மன், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தே பலரைப் பிழைக்கவைத்தார். நம் வேலூரிலேயே மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர்; பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று 1960களில் அங்கே அதற்கென ஒரு நிலையம் எழக் காரணமானவர். சர்க்கரை நோயாளிகளுக்குக் கவட்டையில் திடீரென்று பரவும் அழுகல் ஒன்று உண்டு. 1883இல் அதை விவரித்த பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே பெயரால் வழங்குவது. ஒரு நாள் தாமதமும் உயிரைக் கொண்டுபோகும். 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று கணித்தது. அவர்களில் ஒருவருக்கு நாளை அங்கே ஒரு கொப்புளம் வந்தால், வீட்டில் யாரிடம் என்ன சொல் சொல்லிக் காட்டுவார்?

தமிழால் முடியாது என்பதுதான் எல்லா வாதங்களுக்கும் அடியிலுள்ள வாதம். இதை மட்டும் தமிழாசிரியர் வாயிலிருந்து கேட்கப் பொறுக்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', அறுவைக்கு 'இரணவைத்தியம்', பேறுகாலத்துக்குப் 'பிரசவ வைத்தியம்' என்று நூல்கள் வந்தன. அறுவை மருத்துவத்துக்கு அவர்கள் இட்ட பெயரைக் கவனியுங்கள்: இரணம், புண். குதத்தை விட்டுவிட்டு உடற்கூற்றியலை எழுத முடியுமா? யோனியின் பெயர் சொல்லாமல் பேறு பார்க்கக் கற்பிக்க முடியுமா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளைக்காரரும் அவரோடு உழைத்த ஈழத்து மாணவர்களும் கூசாமல் செய்ததை, எம்.ஏ. படித்த நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்ய முடியவில்லை.

'மடல்' என்று மேலே சொன்னோம். அச்சொல்லைக் கேட்டதும் நம் சகாக்களுக்கு மடலேறுதல் நினைவுக்கு வரும். பனங்கருக்கில் குதிரை செய்து, நாணம் துறந்து, ஊர் நடுவே ஏறி, தன் நோய் இன்னாரால் வந்தது என்று அறிவிப்பவன் மடலேறுபவன். பெண்டிர்க்கு அது இல்லை என்று இலக்கணம் தடுத்தது. திருமங்கையாழ்வார் நாயகியாக நின்று இரண்டு மடல் பாடி அத்தடையைத் தாண்டினார். அந்த மாணவன் கொண்டுவந்ததும் ஒரு மடல்தான். தாய்க்காக மகன் ஏறியது. ஊர் மன்றத்துக்கு வருமுன் நாம் இறக்கிவிட்டோம்.

இவ்வாண்டு மலர்க்குழு அடுத்த மாதம் கூடுகிறது. முதற்படியை, திருத்தங்களுக்கு முந்தையதை, அவனிடமிருந்து கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அதை அப்படியே அச்சிட வேண்டும், இல்லையேல் குழுவிலிருந்து நம் பெயரை எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அவனிடமும் சம்மதம் கேட்டோம். 'அம்மாவைக் கேட்டுச் சொல்றேங்க ஐயா' என்று போனவன் இரண்டு நாள் கழித்து வந்தான். முழுவதையும் படித்துக் காட்டியிருக்கிறான். 'ஆசனவாய்' வந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். கட்டுப் போடும் பத்தியைக் கேட்டுவிட்டு, வெந்நீரில் உப்புப் போட்டதை ஏன் எழுதவில்லை என்று கேட்டாராம். கடைசியில் ஒரே ஒரு திருத்தம் சொல்லியனுப்பியிருக்கிறார். ஐந்து மாதம் கழித்து உட்கார்ந்ததாக அவன் எழுதியிருந்தான். ஐந்து இல்லை, ஆறு மாதமும் பத்து நாளும்.